போர்வை கொடுத்த பிறகு யார் போய்ப் பார்க்கிறார்கள்?

டிசம்பர் வந்தால் எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பக்கம் போர்வை விநியோகம் தொடங்கிவிடும். தளி, தேன்கனிக்கோட்டைக் குளிரைத் தெரிந்தவர்களுக்கு ஒரு போர்வையின் அருமை தெரியும். தருமபுரியிலும் விடியற்காலைப் பனி லேசுப்பட்டதல்ல. கோயில் சார்பில், தேவாலயம் சார்பில், ஜமாத் சார்பில் என்று யாராவது பந்தல் போட்டு, மைக் கட்டி, ஆட்களை வரிசையில் உட்காரவைத்துக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும். அதை நான் குறை சொல்ல வரவில்லை. பந்தல் வரைக்கும் நடந்து வர முடியாதவர் என்ன ஆனார்? போர்வையை வாங்கிக்கொண்டு போனவரின் வீட்டுக்கு அடுத்த வாரம் யார் போனார்கள்? இதுதான் என் கேள்வி.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கத் தேவாலயச் சமூகத்தில், உள்ள வின்சென்ட் தே பவுல் சபையில் நான் உறுப்பினர். இதைப் பற்றித் தெரியாத நண்பர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வாரம் ஒருமுறை கூடுவோம். ஜெபம், சிறிய வாசகம், அப்புறம் போன வாரம் எந்தெந்த வீட்டுக்குப் போனோம், அங்கே என்ன நிலைமை என்ற பேச்சு. நடுவில் ஒரு பை சுற்றி வரும். உள்ளே கையை விட்டு முடிந்ததைப் போடுவோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. ரகசியக் காணிக்கை என்று அதற்குப் பெயர். தத்தெடுத்த குடும்பங்களை இரண்டு இரண்டு பேராகப் போய்ப் பார்ப்போம். சபையின் உயிர்நாடியே இந்த வீடு சந்திப்புதான் என்பது என் எண்ணம்.

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் தொடங்கியது. ஓசானாமுக்கு அப்போது 20 வயது. முந்தைய ஆண்டுதான் அந்த நகரத்தைக் காலரா புரட்டிப் போட்டிருந்தது. “உங்கள் மதம் ஒரு காலத்தில் நல்லது செய்தது, சரி, இன்றைக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்கிற மாதிரி சக மாணவர் ஒருவர் கேட்ட கேள்விதான் அவர்களை உசுப்பியது. ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போக வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் ரோசலி ரெண்டு என்ற அருட்சகோதரி. சேரிப் பகுதியிலேயே வாழ்ந்து ஒவ்வொரு குடும்பத்தையும் அறிந்தவர். பணம் திரட்டத் தெரிந்த பெரிய மனிதர்களிடம் போகாமல், சந்துகளை அறிந்த ஒரு பெண்ணிடம் போய் அந்தப் பையன்கள் பாடம் கேட்டார்கள். அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஓசானாமுக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தது 1997இல். எங்கள் தருமபுரி மறைமாவட்டம் (ஓர் ஆயரின் கீழ் வரும் திருச்சபைப் பகுதி) உருவானதும் அதே ஆண்டுதான்.

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நாங்கள் பார்க்கப் போகும் ஒரு ஆயா இருக்கிறார். மகன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. மருமகளும் அவரோடு சித்தாள் வேலைக்குப் போய்விட்டார். பேத்தி ஆயாவிடம். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் இந்தக் கதை தெருவுக்குத் தெரு உண்டு. மானாவாரி நிலம், ஒரு போகம் ராகியோ சாமையோ, மழை ஏமாற்றினால் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்கோ திருப்பூருக்கோ பஸ் ஏற வேண்டியதுதான். ஊரில் மிஞ்சுவது கிழவர்களும் பிள்ளைகளும்.

அந்த ஆயாவுக்கு ரேஷன் அட்டை இருக்கிறது. அரிசி வாங்க முடியவில்லை. காரணம் கைரேகை. வருஷக்கணக்கில் கூலிக்குப் புளி உடைத்த கை. ஓட்டைத் தட்டி, நாரை உரித்து, கொட்டையை எடுத்து, நாள் முழுக்க அதே வேலை. கட்டைவிரல் ரேகை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. கருவியில் வைத்தால் விழாது. துடைத்துவிட்டு வைப்பார், எண்ணெய் தொட்டு வைப்பார், அடுத்த விரலை வைப்பார். பின்னால் நிற்பவர்கள் சலித்துக்கொள்ள, வெறும் பையோடு திரும்பிவிடுவார். வர முடியாத முதியவருக்குப் பதிலாக வேறொருவர் பொருள் வாங்க ஒரு அங்கீகாரப் படிவம் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எங்களோடு வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான் அதை நிரப்பி, பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரைப் போட்டுக் கடையில் கொடுத்தார். 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்தபின் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் பட்டியலில் பெயர் இருக்கிறதா, அட்டையில் வயது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அந்த வீட்டுக்குப் போயாக வேண்டும்.

முதல் தடவை போனபோது அரிசி, பருப்பு, எண்ணெய் கொண்டுபோனோம். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, “குந்து சாமி” என்று பாயை விரித்தார். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குப் பிடிபடவில்லை. தொடர்ந்து போனோம். ஒரு வாரம் போக முடியாமல் அடுத்த வாரம் போனபோது, “ஏன் சாமி, போன வாரம் வர்ல?” என்றார். அன்றைக்குத்தான் முழங்கால் வலியைப் பற்றி வாய் திறந்தார். அதுவரைக்கும் கேட்ட போதெல்லாம் “நல்லாத்தான் இருக்கறன்” என்ற பதில்தான்.

அந்தக் கால் மடங்காது. பல்லெல்லாம் பழுப்புக் கறை. எங்கள் மாவட்டத்தில் அவர் வயதுக்காரர்கள் பலரைப் பார்த்தாலே தெரியும், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலிருந்த ஃபுளோரைடு செய்த வேலை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் முதலில் பல்லைக் கெடுக்கும், வருஷங்கள் போகப் போக எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது பெரிய விஷயம், பேத்தியின் பல் வெள்ளையாக இருக்கிறது. ஆயாவின் எலும்பில் ஏறியதை எந்தத் திட்டமும் திரும்ப எடுக்க முடியாது. வலிக்கு மருந்து வாங்க அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும், ஓபி சீட்டுக்கு ஒருவர் வரிசையில் நிற்க வேண்டும், அதுவரை அவர் உட்கார ஒரு இடம் பிடிக்க வேண்டும். இதற்குப் பணம் அதிகம் ஆகாது. ஒரு ஆள் அரைநாள் ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அரைநாள்தான் கிடைப்பதே இல்லை.

“எல்லாம்தான் அரசாங்கம் கொடுக்குதே, நீங்க எதுக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கிறது, உண்மைதான். முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாய் ஆனது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீடு தேடி வருகிறது. ஆனால் உதவித்தொகைக்கு மனு போட ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், இசேவை மையத்துக்குப் போக வேண்டும். ஆதாரில் வயது தப்பாக இருந்தால் அது தனி அலைச்சல். மகன் இருக்கிறானே என்று ஒரு அலுவலகத்தில் எங்கள் முன்னாலேயே ஒரு பாட்டியைத் திருப்பி அனுப்பினார்கள். மகன் எந்த ஊரில் இருக்கிறான், கடைசியாக எப்போது பணம் அனுப்பினான் என்று யாரும் கேட்கவில்லை. கூட ஒருவர் நின்று எடுத்துச் சொன்னால் அந்த மனு மேசையைத் தாண்டி நகர்கிறது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மத அமைப்புகள் செய்ய வேண்டிய வேலை இங்கேதான் குவிந்து கிடக்கிறது.

அடுத்தது, எல்லோர் மனதிலும் இருந்தாலும் நேரில் கேட்கத் தயங்கும் கேள்வி. மதம் மாற்றவா போகிறீர்கள்? இல்லை. ஆயா வீட்டுச் சுவரில் முனியப்பன் படம் இருக்கிறது, அது அங்கேயே இருக்கும். உதவி தேவைப்படுகிறவரின் மதத்தைப் பார்க்காதே என்பது சபையின் விதி. அரிசிப் பையோடு ஜெபப் புத்தகத்தையும் நீட்டுபவர்கள் யாராக இருந்தாலும், எந்த மதத்தில் இருந்தாலும், எனக்கு உடன்பாடில்லை. பசியோடு இருப்பவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார். அந்த நேரத்தில் நம் நம்பிக்கையை அவர் மேல் ஏற்றுவது அவரை அவமதிப்பது. என் விசுவாசம் என்னைக் கிளப்பி அந்த வீட்டு வாசல் வரை கொண்டுபோகிறது. அதன் வேலை அதோடு முடிந்தது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் பசித்தவருக்கு உணவு, தாகமாக இருப்பவருக்குத் தண்ணீர் என்ற அதே வரிசையில் நோயாளியைப் பார்க்கப் போவதும் வருகிறது. குணமாக்கச் சொல்லவில்லை, போய்ப் பார்க்கத்தான் சொல்கிறது. நான் பிடித்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

தொடர்ந்து செய்வது நம் மண்ணுக்குப் புதிதும் அல்ல. வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் அணையவில்லை. ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் எரிந்திருந்தால் யார் அதை நினைத்துக்கொண்டு பசியோடு பஸ் ஏறுவார்கள்?

வரும் கிறிஸ்துமஸுக்கு எங்கள் பங்கில் ஒன்று கேட்கப்போகிறேன். போர்வைக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். முதியவர்களை ஆஸ்பத்திரிக்கும் தாலுகா ஆபீசுக்கும் கூட்டிப்போகும் ஆட்டோச் செலவு, ஜெராக்ஸ், போட்டோ, மனுக் கட்டணம் ஆண்டு முழுவதும் அதிலிருந்து போகட்டும். பந்தலுக்கும் மைக்குக்கும் ஆகும் செலவே இதற்கு நன்றாகக் கை கொடுக்கும். மற்ற கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் பொறுப்பில் இருக்கும் நண்பர்களும் இதை யோசித்துப் பாருங்கள். உங்கள் தெருவிலேயே பத்து வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள், அதே இரண்டு பேர் அதே வீட்டுக்குத் தொடர்ந்து போகட்டும்.

பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் இருப்பவர்களில் வாரத்தில் அரைநாள் ஒதுக்கக்கூடியவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்று இல்லை. இருசக்கர வண்டி இருந்தால் நல்லது, மனு எழுதத் தெரிந்தால் இன்னும் நல்லது. முதல் சில வாரங்கள் எங்களில் ஒருவர் கூடவே வருவோம்.