பறை அடித்த சனிக்கிழமையும் நான்கு 'யூ'வும்

ஞாயிறு ராத்திரி பத்தே முக்காலுக்கு, அமெரிக்க ராணுவத்தின் பகுதிநேரப் படையில் இருக்கும் ஒரு தமிழ்ப் பையனிடமிருந்து மெசேஜ். "அக்கா, முழிச்சிருக்கீங்களா? இந்த வாரம் ட்ரில்லுக்குப் போகல. பின்னாடி ஈடு கட்டிக்கலாம்ல?" ட்ரில் என்றால் மாதம் ஒருமுறை போக வேண்டிய பயிற்சி.

"யார்கிட்ட சொன்னே?" என்று கேட்டேன். மூன்று புள்ளி வந்தது, போனது, மறுபடி வந்தது. "யார்கிட்டயும் சொல்லலக்கா. கேட்டா விடமாட்டாங்கன்னு..."

எங்கே இருந்தாய் என்று கேட்கத் தேவையே இல்லை. அந்தச் சனிக்கிழமை எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழா. பறைக் குழுவின் முன்வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் அடித்த அடிக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. அமெரிக்கச் சங்கங்களில் பொங்கல் தை ஒன்றாம் தேதியா வருகிறது? பள்ளிக்கூட அரங்கம் எந்தச் சனிக்கிழமை காலியோ அன்றைக்குத்தான் வரும். அது சரியாக அவன் யூனிட்டின் ட்ரில் நாளில் போய் விழுந்துவிட்டது. என் ட்ரில் அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்ததால் நான் நிம்மதியாக சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நானும் அவனும் அந்தப் பகுதிநேரப் படையான ஆர்மி ரிசர்வில் இருக்கிறோம், வேறு வேறு யூனிட். "நம்ம ஆளுங்ககூட அதுல இருக்காங்களா?" என்று இன்னும் கேட்கிறார்கள். இருக்கிறோம். விசாவில் இருப்பவர்களையும் அவர்களுடைய மொழிக்காகச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டம் 2008-இல் அறிவிக்கப்பட்டு 2016-இல் நின்றுபோனது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. சரி, அது வேறு கதை.

வெளியாட்களுக்கு எங்கள் வேலை "மாசம் ஒரு வீக்எண்ட், வருஷத்துக்கு ரெண்டு வாரம்". ஆனால் அந்த ஒரு வீக்எண்ட் கணக்கில் ஒன்று இல்லை, நான்கு. சனி காலை ஒன்று, சனி மதியம் ஒன்று, ஞாயிறு இரண்டு. ஒவ்வொன்றும் குறைந்தது நான்கு மணி நேரம். ஒவ்வொன்றுக்கும் மாத அடிப்படைச் சம்பளத்தில் முப்பதில் ஒரு பங்கும், ஓய்வூதியக் கணக்கில் ஒரு புள்ளியும் உண்டு. இரண்டு நாள் போனால் நான்கு நாள் சம்பளம். ஆள் சேர்ப்பவர்கள் இதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு பழைய சார்ஜென்ட் எனக்குச் சொன்னார். 1916-இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டம், மாநிலங்களின் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டுக்கு வருஷத்துக்கு 48 ட்ரில் என்று வைத்து, அதற்குச் சம்பளமும் கொடுத்தது. அப்போது ட்ரில் என்பது வேலை முடிந்த மாலையில் உள்ளூர் ஆர்மரி என்ற படைக் கட்டடத்துக்குப் போய் அணிவகுப்பது, ஏறக்குறைய வாரம் ஒரு மாலை. பிற்பாடு அந்த மாலைகளை நான்கு நான்காகக் கட்டி வீக்எண்டில் போட்டார்கள். 48 மட்டும் மாறவில்லை.

சம்பளம் நான்காக வந்தால் 'வரவில்லை'யும் நான்காகத்தான் வரும். இதுதான் பையனுக்குத் தெரியவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வீக்எண்ட் போகாவிட்டால் பெயருக்கு எதிரே நான்கு 'யூ'. காரணமில்லாத வராமை என்று அர்த்தம். ஒரு வருஷத்துக்குள் ஒன்பது 'யூ' சேர்ந்தால் "திருப்தியில்லாத பங்கேற்பாளர்" ஆகிவிடுவாய். இரண்டு வீக்எண்டில் எட்டு வந்துவிடும். ஒன்பதாவது, கார் ஸ்டார்ட் ஆகாத ஏதோ ஒரு சனிக்கிழமைக் காலை. அதன் பிறகு பதவிக் குறைப்பு, வெளியேற்றம் என்று பேச்சு போகும். வியட்நாம் காலத்தில் இன்னும் மோசம். ஒழுங்காக ட்ரில்லுக்கு வராத ரிசர்வ்காரரை முழுநேரப் பணிக்கே இழுத்துக்கொள்ள 1967-இல் சட்டம் வந்தது, அவருடைய மொத்த முழுநேரப் பணி 24 மாதம் ஆகும் வரைக்கும். இதை அவனிடம் சொன்னேன். கொஞ்சம் பயப்படட்டும் என்றுதான்.

"அப்ப ஈடு கட்றதுன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்களே?"

இருக்கிறது. ரிசர்வில் அதன் பெயர் ஆர்.எஸ்.டி., நேஷனல் கார்டில் சூட்டா. ஆர்.எஸ்.டி.யை விரித்தால் ரீஷெட்யூல்ட் ட்ரெயினிங். அதாவது தேதியை மாற்றி வைப்பது. போன ரயிலைத் துரத்துவதற்கு அதில் இடமில்லை. முன்கூட்டியே கேட்கிறாய், கமாண்டர் சரி என்கிறார், வேறொரு நாள் வந்து அதே மணிநேரம் வேலை பார்க்கிறாய். சம்பளம் வரும், புள்ளி வரும், 'யூ' விழாது. வேண்டுமானால் ட்ரில்லுக்கு முன்பே வந்து முடித்துவிட்டும் போகலாம். டிசம்பரில் ஒரு போன் அடித்திருந்தால் பையன் தைரியமாகப் பறை அடித்திருப்பான். ட்ரில் நாட்காட்டி அக்டோபரிலேயே கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

நான் முதல் முறை ஈடு கட்டியது கொழுந்தனார் கல்யாணத்துக்காக. இரண்டு மாதம் முன்பே கேட்டு, ஒரு செவ்வாயும் புதனும் போனேன். வார நாளில் ரிசர்வ் சென்டரைப் பார்த்தால் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருக்கும். நூறு பேர் வரிசையில் நிற்கிற ஹாலில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். முழுநேர ஆட்கள் மூன்று பேர். சப்ளை சார்ஜென்ட் என்னைப் பார்த்ததும் "வா, உனக்காகத்தான் வச்சிருக்கேன்" என்று கம்பிக் கூண்டைத் திறந்தார். உள்ளே இரவில் பார்க்கும் கருவிகள். ஒவ்வொன்றாக உறையிலிருந்து எடுத்து நான் வரிசை எண்ணை வாசிக்க, அவர் தாளில் குறி போட்டார். ஒன்றில் எழுத்து தேய்ந்திருந்தது. எட்டா, 'பி'யா என்று தெரியவில்லை. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, நகத்தால் தடவி, கடைசியில் 'பி' என்று முடிவு செய்வதற்குள் பத்து நிமிஷம் போய்விட்டது. "தப்பா எழுதினா ஒரு கருவி காணோம்னு ஆயிடும். அப்புறம் ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது" என்றார். சனிக்கிழமைகளில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போன பொருளுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னொரு முறை போனபோது ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, ஏற்கெனவே முடித்த ஆன்லைன் பயிற்சியையே மறுபடி பார்க்கச் சொன்னார்கள். மதியம் துடைப்பம் கொடுத்தார்கள். சம்பளம் ஒன்றுதான். ஆனால் என் இரண்டு நாளை யாரோ குப்பையில் போட்ட மாதிரி இருந்தது. ஈடு கட்ட வருகிற ஆளைத் தண்டனைக்கு வந்த ஆளாகப் பார்க்கும் யூனிட்டில், அடுத்த முறை யாரும் முன்கூட்டியே கேட்க மாட்டார்கள். நோய் என்று பொய் சொல்வார்கள். இதை நம் மேலதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

அந்த இரண்டாவது முறைச் சம்பளமும் ஒழுங்காக வரவில்லை. ஈடு கட்டியதைப் பதிய ஒரு படிவம் உண்டு, 1380 என்போம். யாரோ ஒருவரின் மேஜை இழுப்பறையில் அது இரண்டு மாதம் தூங்கியது. கேட்டால் "அனுப்பிட்டோமே" என்ற பதில். அன்றிலிருந்து, கையெழுத்தான படிவத்தைப் போனில் படம் எடுக்காமல் அந்தக் கட்டடத்தின் கதவைத் தாண்டுவதில்லை. புள்ளி ஏறியதா என்றும் போய்ப் பார்க்கிறேன். ஓய்வூதியத்துக்கு 20 'நல்ல வருஷம்' வேண்டும். நல்ல வருஷம் என்றால் 50 புள்ளி. உறுப்பினராக இருப்பதற்கே 15 கொடுப்பார்கள், முழு ட்ரில்லுக்கு 48. இரண்டு வாரப் பயிற்சியும் இல்லாமல் நான்கு வீக்எண்டையும் தவறவிட்டால் 47-இல் நிற்பாய். மூன்று புள்ளியில் ஒரு வருஷமே போகும்.

இதெல்லாம் நடைமுறை. என்னை உறுத்துவது வேறு.

வீக்எண்ட் ட்ரில்லில் போவது குடும்பத்தின் நேரம். அதை வார நாளுக்கு மாற்றினால் போவது அலுவலகத்தின் நேரம். வீட்டில் வாங்கின கடனை ஆபீஸ் தலையில் கட்டுகிறோம். 1994-இல் வந்த யுசெரா சட்டம் நம் பக்கம்தான். ட்ரில்லுக்கு விடுப்பு கொடுத்தாக வேண்டும், நம் சொந்த விடுமுறையிலிருந்து கழிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. அந்த நாளுக்குச் சம்பளம் தர வேண்டும் என்று மட்டும் சட்டம் சொல்லவில்லை. கொழுந்தனார் கல்யாணத்துக்கு நான் ஈடு கட்டிய செவ்வாயும் புதனும் மாதக் கடைசி. என் கணக்குகளையும் சேர்த்து முடித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போனது பக்கத்து மேஜைக்காரி. அவளுக்கு எந்தச் சட்டமும் இல்லை. அதனால் இப்போதெல்லாம், முடிந்தவரை, வேறொரு யூனிட்டின் வீக்எண்டில் போய் ஈடு கட்ட அனுமதி கேட்கிறேன். வீட்டில் முணுமுணுப்பு வரும். நியாயமான முணுமுணுப்புதான், கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டது நாங்கள்தானே.

ஈடு கட்டவே முடியாத வீக்எண்டும் உண்டு. துப்பாக்கி சுடும் வீக்எண்டை விட்டுவிட்டு செவ்வாய்க்கிழமை போய் நின்றால் எனக்காக யார் ரேஞ்சைத் திறப்பார்கள்? தோட்டா, பாதுகாப்பு அதிகாரி, மருத்துவ உதவியாளர் எல்லாம் ஒரு ஆளுக்காக வருமா? என் கருத்து கொஞ்சம் கடுமையாகத் தோன்றலாம். வகுப்பறையில் உட்கார்ந்து ஸ்லைடு பார்க்கிற வீக்எண்டுக்குக் கமாண்டர்கள் தாராளமாக விடலாம். ரேஞ்ச், களப்பயிற்சி என்றால் சாவு, பிரசவம், ஆஸ்பத்திரி தவிர விடவே கூடாது, கல்யாணமே ஆனாலும்.

பையனிடம் அன்று ராத்திரி சொன்னது ஒன்றுதான். காலையில் முதல் வேலையாக உன் ஸ்குவாட் லீடருக்குப் போன் பண்ணு. மெசேஜ் வேண்டாம், குரல் கேட்கணும்.

"அக்கா, ஃபேஸ்புக்ல அந்தப் பறை போட்டோவை எடுத்துடட்டுமா?"

"எடுக்காதே. எங்கே இருந்தேன்னு நீயே சொல்லிடு."

சொல்லியிருக்கிறான். நான்கு 'யூ'வும் அப்படியே நின்றன, காசும் வரவில்லை. ஆனால் அந்த ஸ்குவாட் லீடர் கத்தி முடித்த பிறகு, "அது என்ன மேளம்?" என்று கேட்டாராம்.

இந்த வருஷம் அக்டோபரில் ட்ரில் நாட்காட்டி வந்த அன்றே பையன் அதைச் சங்கச் செயலாளருக்கு அனுப்பி, ஜனவரித் தேதியைச் சிவப்பில் வட்டமிட்டு, "அண்ணா, இந்தச் சனிக்கிழமை மட்டும் பொங்கல் வைக்காதீங்க" என்று கெஞ்சியிருக்கிறான். அவரிடமிருந்து ஒரே வரிப் பதில்: "தம்பி, அரங்கம் கிடைக்கிற அன்னைக்குத்தான் பொங்கல்."

மறுநாளே ஆர்.எஸ்.டி.க்கு எழுதிக் கொடுத்துவிட்டான்.