சேஃப்டி ஆடிய பையன் பந்து பிடிக்கக் கேட்டிருக்கிறான்

எதிர்வீட்டுப் பையனுக்கு இருபது வயது. அதிகம் பேசப்படாத ஒரு கல்லூரியின் ஃபுட்பால் அணியில் இரண்டு பருவங்களாகச் சேஃப்டி ஆடுகிறான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவன், வசந்தகாலப் பயிற்சியிலிருந்து தன்னை வைடு ரிசீவராக மாற்றும்படி பயிற்சியாளரிடம் கேட்டதாகவும் அவர் சம்மதித்துவிட்டதாகவும் சொன்னான். எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் பொங்கலன்று இங்குள்ள நண்பர்கள் கூடிய இடத்தில் இதைச் சொன்னபோது மூன்று பேர் மூன்று விதமாக முகம் சுளித்தார்கள். "இரண்டு வருட உழைப்பும் வீண்" என்றார் ஒருவர். "தடுப்பில் தேறாதவன்தான் இடம் மாறுவான்" என்றார் அடுத்தவர். மூன்றாமவர், "எல்லாம் பணத்துக்காகத்தான்" என்று முடித்துவிட்டார். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பத்து நாளாக மனத்தில் அதுவே ஓடுகிறது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

விளையாட்டைப் பார்க்காத நண்பர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும் சுமந்தும் ஆடுவது. ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து நம் கையில் இருக்கும்போது தாக்குதல் ஆடுவோர் களத்தில் இருப்பார்கள். பந்து எதிரணிக்குப் போனதும் அவர்கள் வெளியேறி, தடுப்பு ஆடும் வேறு 11 பேர் இறங்குவார்கள். சேஃப்டி என்பவர் தடுப்பின் கடைசி ஆள். எல்லோருக்கும் பின்னால் நின்று முழு ஆட்டத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் தவறவிட்டவனை மடக்கிச் சாய்ப்பது அவர் வேலை. வைடு ரிசீவர் தாக்குதல் வரிசையின் ஓரத்தில் நிற்பவர். குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிப்பவர். ஆக, இந்தப் பையன் இதுவரை யாரைத் துரத்தினானோ, இனி அந்த ஆளாக ஓடப்போகிறான்.

"தேறாதவன்தான் மாறுவான்" என்ற நண்பருக்கு முதலில் மார்க்கீஸ் லீயை நினைவூட்ட வேண்டும்.

2012 செப்டம்பர் 1. லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியம். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஹவாயை எதிர்த்து ஆடிய பருவத்தின் முதல் ஆட்டம். அலுவலக நண்பர் ஒருவர் கொடுத்த டிக்கெட்டில் போயிருந்தேன். எங்கள் இருக்கையைத் தேடிக்கொண்டிருந்தோம். அரங்கமே எழுந்து கத்தியது. தாக்குதல் அணியின் முதல் முயற்சியிலேயே குவார்ட்டர்பேக் மேட் பார்க்லி எறிந்த பந்தைப் பிடித்து லீ 75 யார்டு ஓடி, எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி டச்டவுன் எடுத்துவிட்டார். அதே மாலை எதிரணி உதைத்த பந்தை வாங்கி 100 யார்டு ஓடி இன்னொன்றும் எடுத்தார். பக்கத்தில் இருந்த முதியவர், "இந்தப் பையனைச் சேஃப்டியாகத்தான் எடுத்தார்கள் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து படித்தேன். அன்றிலிருந்துதான் இந்த இட மாற்றங்களைக் கவனிக்கத் தொடங்கினேன்.

முதியவர் சொன்னது உண்மை. கார்டினாவில் உள்ள செரா உயர்நிலைப் பள்ளியிலிருந்து லீ 2011இல் பல்கலைக்கழகத்துக்குச் சேஃப்டியாகத்தான் வந்தார். பருவம் தொடங்குமுன் ரிசீவராக மாறினார். அந்த முதல் வருடமே 73 பந்துகள், 1,143 யார்டு, 11 டச்டவுன். அதுவும் மறுபக்கத்தில் அதே செரா பள்ளியிலிருந்து வந்த ராபர்ட் வுட்ஸ் 111 பந்துகளைப் பிடித்துக்கொண்டிருந்த வருடத்தில். அடுத்த ஆண்டு லீயின் கணக்கு 118 பந்துகள், 1,721 யார்டு, 14 டச்டவுன். அரிசோனாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 345 யார்டு. அணி என்னவோ 39-36 என்று தோற்றது. நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான்.

அதே ஆண்டு அதே மாநிலத்தில், வடக்கே பெர்க்லியில் கீனன் ஆலன் ஆடிக்கொண்டிருந்தார். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ பக்கத்துப் பையன். பள்ளி முடிக்கும்போது நாட்டின் தலைசிறந்த சேஃப்டிகளில் ஒருவராக மதிக்கப்பட்டவர். அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்வதாக வாக்கும் கொடுத்திருந்தார். கடைசியில் மனம் மாறி, அண்ணன் சாக் மேனார்டோடு கலிஃபோர்னியாவுக்கு வந்து ரிசீவராகவே இறங்கினார். மூன்று பருவங்களில் 205 பந்துகள் பிடித்தார். இன்று தொழில்முறை ஆட்டத்தில் 10,000 யார்டைக் கடந்துவிட்டார். அலபாமாவில் சேஃப்டியாக இருந்திருந்தாலும் நன்றாகத்தான் ஆடியிருப்பார் என்று நினைக்கிறேன். திறமை குறைந்ததால் அவர்கள் இருவரும் தடுப்பை விட்டு வரவில்லை.

சரி, "இரண்டு வருடம் வீண்" என்ற பேச்சுக்கு வருகிறேன். என்னை அதிகம் வருத்தியது இதுதான்.

சேஃப்டியாக நின்ற பையன் அந்த இரண்டு வருடமும் என்ன செய்தான்? ரிசீவர்களைப் படித்தான். ஒரு ரிசீவர் எங்கே திரும்பப்போகிறார் என்பதை அவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தலையையும் தோளையும் ஆட்டி ஏமாற்றிவிடுவார். இடுப்பு மட்டும் பொய் சொல்லாது. நிற்பதற்கு முன் இடுப்பு தாழும், காலடி குறுகும். தடுப்பு ஆட்டக்காரர்கள் பார்ப்பது அதைத்தான். ஒரே ரிசீவர் எந்தெந்த இடத்தில் நின்றால் எந்த வழியில் ஓடுவார் என்று படம் போட்டுப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருப்பார்கள். ரிசீவரின் ஓட்டப் பாதைகளை இங்கே ஒரு மரம்போல வரைந்து, கிளைகளுக்கு 0 முதல் 9 வரை எண் கொடுத்திருக்கிறார்கள். ஒன்பது என்றால் நேராக ஓடிக்கொண்டே இரு. எட்டு என்றால் ஆழமாகப் போய்க் கோல் கம்பத்தை நோக்கி உள்ளே வெட்டு. இந்த மரத்தை அந்தப் பையன் எதிர்ப்பக்கத்திலிருந்து படித்திருக்கிறான்.

அதோடு, இன்றைய தாக்குதல் முறைகளில் பல பாதைகள் முன்கூட்டியே முடிவாவதில்லை. எதிரே ஆழத்தில் ஒரு சேஃப்டி நிற்கிறாரா, இருவரா என்று பார்த்து, ஓடும்போதே ரிசீவர் முடிவெடுக்க வேண்டும். குவார்ட்டர்பேக்கும் அதே நொடியில் அதே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பந்து ஓரிடம், ஆள் வேறிடம். பந்து நகர்வதற்கு முன் இருவராக நின்று, நகர்ந்ததும் ஒருவர் முன்னே பாய்ந்து ஏமாற்றும் வித்தையை இந்தப் பையன் தானே எத்தனை முறை செய்திருப்பான்! வேறொருவர் செய்யும்போது அவனுக்குத் தெரியாமலா போகும்? முரட்டு மோதலுக்குப் பயப்படாத உடம்பும் அவனிடம் இருக்கிறது. பந்து தன் அணியில் வேறொருவர் கையில் இருக்கும்போது ரிசீவர் எதிராளியைத் தள்ளி அவருக்கு வழி உண்டாக்க வேண்டும். பந்தை மட்டும் பிடித்துப் பழகிய பல பையன்கள் இதில் ஒதுங்குவார்கள். ஆளைச் சாய்த்துப் பழகியவன் ஒதுங்கமாட்டான்.

கடினமான பக்கமும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. தடுப்பு ஆட்டக்காரருக்குப் பின்னோக்கி ஓடும் பழக்கம், பந்தை நேருக்கு நேர் பார்க்கும் பழக்கம். ரிசீவருக்கு ஆழமான பந்து முதுகுக்குப் பின்னாலிருந்து தோளைத் தாண்டி வரும். ஓட்டத்தைக் குறைக்காமல் தலையை மட்டும் திருப்பி, கடைசி நொடியில் கையை நீட்ட வேண்டும். முன்னதாக நீட்டினால் காவல் நிற்பவன் புரிந்துகொள்வான். கல்லூரி விதிகளில், பந்து காற்றில் வரும்வரை ரிசீவரைத் தடுப்பாளர் கையால் மறிக்கலாம். ஆகவே முதல் மூன்று அடியில் அந்தக் கைகளிலிருந்து நழுவத் தெரியாவிட்டால் பாதையே கிடையாது.

இதைவிடப் பெரிய மாற்றம் மனத்தில் நடக்க வேண்டும். எதிரணி எறிந்த பந்தை ஒரு சேஃப்டி தட்டிவிட்டு, பிடிக்கத் தவறினாலும் அரங்கம் கைதட்டும். தன் கடமையை அவன் செய்துவிட்டான். அதே பந்தை ரிசீவர் நழுவவிட்டால் 60,000 பேர் ஒன்றாகப் பெருமூச்சு விடுவார்கள். நேற்றுவரை கூடுதல் பரிசாக இருந்தது இன்று அடிப்படைக் கடமை. இருபது வயதில் இதைத் தானே கேட்டு வாங்கித் தோளில் ஏற்றிக்கொள்ளும் பையனைப் பார்த்து எனக்கு மரியாதைதான் வருகிறது.

வெளியே தெரியாத இன்னொன்று. கல்லூரி அணிகளில் ஒவ்வோர் இடத்துக்கும் தனிப் பயிற்சியாளர், தனி அறை. தடுப்பின் பின்வரிசைக்காரர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் பார்ப்பார்கள், சேர்ந்து சாப்பிடுவார்கள், ஒருவனுக்கு அடிபட்டால் மற்றவன் பையைத் தூக்குவான். இடம் மாறுகிறவன் அந்த அறையை விட்டு வெளியேறி, தன்னைவிட இரண்டு வயது இளையவர்கள் எல்லாம் தெரிந்தவர்களாக உட்கார்ந்திருக்கும் அறையில் கடைசி ஆளாகப் போய் உட்கார வேண்டும். எதிர்வீட்டுப் பையன் இதைச் சொன்னபோது குரல் தாழ்ந்தது. பயிற்சியில் இனி அவனை மறிக்கப்போவது அவனுடைய பழைய நண்பர்கள்தான்.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தொழில்முறை அணிகள் ரிசீவருக்குக் கூடுதலாகக் கொடுக்கின்றன என்பது உண்மை. 2024இல் மினசோட்டாவின் ரிசீவர் ஜஸ்டின் ஜெஃபர்சன் நான்கு வருடத்துக்கு 14 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். அதே ஆண்டு டாம்பா பேயின் சேஃப்டி ஆன்டுவான் வின்ஃபீல்டு ஜூனியருக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 8.4 கோடி டாலர். ஆனால் நம் பையன் ஆடும் அணியிலிருந்து தொழில்முறைக்குப் போவது அபூர்வம். அது அவனுக்கே தெரியும். ஒருவேளை பணத்துக்காகவே கேட்டிருந்தாலும் அதில் என்ன குற்றம்? சம்பளம் அதிகம் என்று நாமெல்லாம் வேலை மாறவில்லையா?

தடுப்புக்காரன், தாக்குதல்காரன் என்ற இந்தச் சுவரே அவ்வளவு பழையதில்லை. 1953 முதல் 1960களின் நடுப்பகுதி வரை, இஷ்டப்படி ஆள் மாற்றக் கூடாது என்ற விதி கல்லூரி ஆட்டத்தில் இருந்தது. ஒரே ஆள் தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். விதி தளர்ந்த பிறகுதான் ஒவ்வொருவரையும் ஒரே வேலையில் தேர்ந்தவராக்கும் பழக்கம் வேரூன்றியது. பயிற்சியாளர்களுக்கு அது வசதி. ஆட்டமும் அதனால் உயர்ந்தது. அதற்காகப் பதினெட்டு வயதில் ஒட்டிய பெயரைக் கடைசிவரை சுமக்க வேண்டுமா? 2024இல் கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர் இரண்டு பக்கமும் ஆடி, 96 பந்துகள் பிடித்து, 15 டச்டவுன் எடுத்து, எதிரணியின் 4 பந்துகளையும் பறித்து, கல்லூரி ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்றார். அவருடைய பயிற்சியாளர் டியான் சாண்டர்ஸ் 1996இல் டல்லஸ் தொழில்முறை அணிக்காகத் தடுப்பும் ஆடி, ரிசீவராக 36 பந்துகளும் பிடித்தவர். தானே சுவர் தாண்டியவர் என்பதால்தான் ஹன்டருக்கும் கதவைத் திறந்துவிட்டார் என்பது என் எண்ணம். ஹன்டரின் உடல்வலிமை எல்லோருக்கும் வாய்க்காது. ஆகவே அவரை அளவுகோலாக வைக்க மாட்டேன்.

மறுதிசையில் போனவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ரிசீவராக இருந்த ரிச்சர்ட் ஷெர்மன், முழங்கால் காயத்துக்குப் பிறகு, ஓரத்தில் ரிசீவரைக் காவல் காக்கும் தடுப்பாளரான கார்னர்பேக் ஆனார். தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் 2011 தேர்வில் ஐந்தாவது சுற்றுவரை அவரை யாரும் எடுக்கவில்லை. 2014 ஜனவரியில் சியாட்டில் அணியை இறுதிப் போட்டிக்கு அனுப்பிய ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், மைக்கேல் கிராப்ட்ரீக்கு வந்த பந்தை எம்பித் தட்டி, சக ஆட்டக்காரர் மால்கம் ஸ்மித்தின் கையில் விழச் செய்தது அவர்தான். பந்து எங்கே இறங்கும் என்பதை ஒரு ரிசீவரின் கண்ணால் பார்த்தார் என்றுதான் அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு வகை மாற்றத்தை மட்டும் நான் எதிர்க்கிறேன். எனக்குத் தெரிந்த இன்னொரு குடும்பத்துப் பையனை, ரிசீவர்கள் இருவர் அடிபட்டார்கள் என்று ஆகஸ்ட் மாதம் அவசரமாகத் தடுப்பிலிருந்து இழுத்தார்கள். அவர்கள் குணமானதும் அக்டோபரில் திரும்ப அனுப்பினார்கள். அதற்குள் அவனுடைய பழைய இடத்தில் வேறொருவன் ஊன்றிவிட்டான். அந்த வருடம் முழுக்க அவன் ஓரக்கோட்டில் நின்றான். அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் பிரிவுக் கல்லூரிகளில் வசந்தகாலத்தில் கிடைப்பது 15 பயிற்சி நாள்கள்தான். மாற்றுவதென்றால் அந்தப் பதினைந்தையும் முழுதாகக் கொடுங்கள், அடுத்த பருவத்தையும் கொடுங்கள். நடுவில் பிடுங்கி வேறிடத்தில் நடாதீர்கள். 2018இல் வேறு கல்லூரிக்கு மாறுவதற்கான பதிவேடு வந்த பிறகு, பேச்சைக் கேட்காத பயிற்சியாளரை விட்டுப் பையன்கள் போய்விடுகிறார்கள். விசுவாசம் இல்லை என்று குறைப்படுகிறவர்கள், அவன் முதலில் வந்து கேட்டபோது என்ன பதில் சொன்னோம் என்று யோசிக்கட்டும்.

எதிர்வீட்டுப் பையன் கல்லூரிக்குத் திரும்புமுன் கடைசி மாலையும் தெருவில்தான் இருந்தான். அவன் அப்பா எறிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் இடுப்பைத் தாழ்த்தாமல் நிற்கப் பழகுகிறானாம். "நான் எதைப் பார்த்து ஆளைப் பிடிப்பேனோ அதைத்தான் மறைக்கிறேன்" என்றான். வலது தோள் பக்கம் வரும் பந்துகளை நன்றாகப் பிடிக்கிறான். இடது பக்கம் இன்னும் நழுவுகிறது. பயிற்சி தொடங்க ஆறு வாரம் இருக்கிறது.