‘பெட்ரிகோர்’ பழங்காலச் சொல் அல்ல

மழை பெய்ததும் எழும் மண்வாசனையைக் குறிக்கும் ‘பெட்ரிகோர்’ பல நூற்றாண்டுப் பழமையான ஆங்கிலச் சொல் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அது சரியல்லங்க. 1964-இல் ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழில் வந்த கட்டுரையில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் உருவாக்கிய சொல் அது. காய்ந்த மண்ணிலும் பாறையிலும் இருந்து பிரித்தெடுத்த, அந்த வாசனை தரும் எண்ணெய்க்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. கல்லைக் குறிக்கும் ‘பெட்ரா’, கிரேக்கத் தெய்வங்களின் உடலில் ஓடுவதாகச் சொல்லப்படும் திரவமான ‘இகோர்’ இரண்டையும் சேர்த்தார்கள். அழகான சேர்க்கை! வேர்கள் பழையவை என்பதால் குழப்பம் வருவது இயல்புதான்.

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லைத் தேடி, முதல் மேற்கோளின் ஆண்டைப் பாருங்கள். அப்புறம் நேச்சர் தளத்தில் 1964 மார்ச் இதழைத் திறந்தால் அந்தக் கட்டுரையே இருக்கும்.