அடிமுத்திரை மட்டும் போதாது

முதல் உலகப்போர் தலைவர்களின் டோபி ஜக் (மனித உருவில் செய்த மண்பாண்டக் குவளை) வாங்குவோர் அடிமுத்திரையை, அதாவது அடியிலுள்ள தயாரிப்பாளர் முத்திரையைப் பார்த்தால் போதும், கறையைப் போக்க ப்ளீச்சில் ஊறவைக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. போதவே போதாது. கேலிச்சித்திரக்காரர் பிரான்சிஸ் கேரதர்ஸ் கூல்ட், வில்கின்சன் என்ற இங்கிலாந்து மண்பாண்ட நிறுவனத்துக்காக வடிவமைத்தவை மொத்தம் 11. அடியில் அவர் கையெழுத்தும் அச்சாகியிருக்கும். ஆனால் உடைந்து ஒட்டிய ஜக்கிலும் அதே முத்திரைதானே இருக்கும்?

இருட்டறையில் 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச் அடியுங்கள். பழைய மெருகு (சூளையில் சுட்ட கண்ணாடிப் பூச்சு) ஒரே சீராகத் தெரியும். பிசின் பூசி வண்ணம் தீட்டிய இடம் திட்டாகத் தனித்து ஒளிரும். தொப்பி விளிம்பு, விரல் நுனி, கைப்பிடி சேருமிடம், இவைதான் முதலில் உடைபவை. பிறகு விளிம்பை நகத்தால் மெல்லச் சுண்டுங்கள். மந்தமான ஓசை வந்தால் பெரும்பாலும் விரிசல்தான். பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனரின் ஜக்கில், அவர் கையிலுள்ள 'கைசருக்குக் கசப்பு' (Bitter for the Kaiser; கைசர் ஜெர்மன் பேரரசர், 'பிட்டர்' ஒரு வகை பீரும்கூட) என்ற ஆங்கில வாசகம் தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். அந்தக் கேலிதான் அதன் உயிர்.

ப்ளீச்சில் ஊறவைக்கச் சொல்வதைத் தயவுசெய்து கட்டுரையிலிருந்து நீக்குங்கள். இது நீர் உறிஞ்சும் மண்பாண்டம். மெருகின் மயிரிழை வெடிப்புகள் வழியே ப்ளீச் உள்ளே இறங்கும். காய்ந்ததும் உப்பு படிகமாகி மெருகைப் பெயர்த்துவிடும். இளஞ்சூட்டு நீரில் ஒரு சொட்டு சோப்பு, பஞ்சு, உடனே துடைப்பு. கில்ட் (தங்கப் பூச்சு) வேலையைத் தேய்க்கவே கூடாது. தூக்கும்போது அடியில் கை கொடுங்கள், கைப்பிடியில் அல்ல.