‘நாளை’ன்னா எந்த நாளை?

தொடக்கப்பள்ளிச் சுற்றறிக்கை எழுதுறவங்களுக்குத் தேதி மேல அப்படி என்ன கோபம்? ‘நாளை வண்ண உடை’ன்னு ராத்திரி பதினோரு மணிக்கு வாட்ஸ்அப்ல விழும். காலையில திறக்கிறவங்களுக்கு அது எந்த நாளை? ‘வெள்ளி, 14’ன்னு போட்டா விரல் தேஞ்சிடுமா?

மாதச் செய்தி மடல் இன்னும் விசேஷம். நாலு பக்கம். தலைமையாசிரியர் வாழ்த்து ஒரு பக்கம். விழாப் படங்கள் ரெண்டு பக்கம், பாதியில விருந்தினர் முதுகு. கடைசிப் பக்கத்தோட அடியில, பொடி எழுத்துல, வகுப்புப் பிரிப்பு. அதுவும் பக்கவாட்டுல ஸ்கேன் பண்ணின படம். பேரைத் தட்டித் தேட முடியாது, கழுத்தைத்தான் திருப்பணும்.

பிரிச்சதுக்குக் காரணம்? ‘நிர்வாகக் காரணங்களால்.’ அடடா, என்ன ராணுவ ரகசியம்! ஒண்ணாம் வகுப்புல 36, ரெண்டாவதுல 39, ஆசிரியர் மூணு பேர். ஆளுக்கு 25. அப்போ ஒண்ணாவதுல மிஞ்சின 11, ரெண்டாவதுல மிஞ்சின 14, சேர்த்து ஒரு கலப்பு வகுப்பு. கணக்கு அவ்வளவுதான். இதை எழுதாததாலதான் ‘கலப்பு வகுப்புக்குப் போறது மக்குப் பிள்ளைங்களாம்’னு வாசல்ல வதந்தி கிளம்புது. அந்த 11 பேரை எதை வச்சு எடுத்தாங்க? வயசா, வாசிப்பா, சிநேகிதமா? மூச்! ஆனா ‘தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதவும்’ மட்டும் மூணு இடத்துல, தடித்த எழுத்துல.

எல்லாரும் படிச்சு முடிச்சதும் அடுத்தது வரும்: ‘முந்தைய அறிவிப்பைப் பொருட்படுத்த வேண்டாம்.’

எந்த முந்தையதை?