பழைய நகரம் என்று நாம் படமெடுக்கும் புதிய கட்டடங்கள்

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்கு வரும் நம் மாணவர்கள் முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போடும் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கிறது. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், காசு மிஞ்சினால் ரோம். இரவுப் பேருந்தில் தூக்கம், பகலெல்லாம் படம். மாதத்துக்கு 992 யூரோவுக்கு மேல் எடுக்க விடாத பிளாக்டு அக்கவுண்ட்டை (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைக்கும் வங்கிக் கணக்கு) வைத்துக்கொண்டு அவ்வளவு ஊர் பார்ப்பதே ஒரு சாமர்த்தியம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. என் மறுப்பெல்லாம் அந்தப் படங்களின் கீழே எழுதப்படும் வரியைப் பற்றியது. "இவர்கள் பழமையை எப்படிக் கட்டிக் காக்கிறார்கள் பாருங்கள், நாமும்தான் இருக்கிறோமே" என்ற அந்தப் பெருமூச்சை வாரம் ஒருமுறையாவது படிக்க நேர்கிறது. ஜெர்மனியின் கிழக்கில் உள்ள டிரெஸ்டனில் படித்துக்கொண்டே அக்கம்பக்கத்து நகரங்களையும் சற்றுத் தொலைவில் உள்ள சிலவற்றையும் சுற்றிவந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பகுதியில் நாம் பழமை என்று நினைத்துப் படமெடுக்கும் கட்டடங்களில் பல, நம் தாத்தா பாட்டியை விட வயதில் இளையவை. சில நம்மை விடவும் இளையவை. அவை காக்கப்பட்டவை அல்ல, அழிந்தபின் வேண்டுமென்றே திரும்பக் கட்டப்பட்டவை. எதைத் திரும்பக் கட்டுவது, எதை விட்டுவிடுவது என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள், அந்த முடிவுகள் எல்லாமே பாராட்டத் தக்கவை அல்ல.

டிரெஸ்டனின் நடுவில் நிற்கும் ஃபிராவன்கிர்ஷே தேவாலயத்தை எடுத்துக்கொள்வோம். கியோர்க் பேர் என்பவர் வடிவமைத்து 1743இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த மணற்கல் தேவாலயம், 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் உடனே விழுந்துவிடவில்லை. நகரத்தைத் தின்ற தீயின் வெப்பத்தில் உள்தூண்கள் வலுவிழந்து, 15ஆம் தேதி காலையில்தான் குவிமாடம் சரிந்தது. கிழக்கு ஜெர்மனி அரசு அந்த இடிபாட்டைப் போருக்கு எதிரான நினைவுச் சின்னம் என்று அறிவித்து அப்படியே விட்டுவைத்தது. கையில் பணம் இல்லாததும் அதற்கு ஒரு காரணம்தான். பெர்லின் சுவர் விழுந்தபின் நகரத்தவர் சிலர் வெளியிட்ட வேண்டுகோளிலிருந்து தொடங்கி, பல நாட்டவரிடம் நன்கொடை சேர்த்து, குவியலிலிருந்து எடுத்த கற்களுக்கு எண்ணிட்டு, எந்தக் கல் எங்கே இருந்தது என்பதைக் கணினியின் துணையோடு கண்டுபிடித்து, 2005 அக்டோபர் 30 அன்று மீண்டும் திறந்தார்கள். வெளிச்சுவரில் கறுத்துத் தெரிபவை பழைய கற்கள், வெளிறியவை புதியவை. இந்தப் பக்கத்து மணற்கல் ஆண்டுகள் செல்லச் செல்லத் தானாகவே கறுத்துவிடும் என்பதால், நம் பேரப் பிள்ளைகள் வந்து பார்க்கும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கும். உச்சியில் உள்ள பொற்சிலுவையைச் செய்த இங்கிலாந்துப் பொற்கொல்லரின் தந்தை, இதே நகரத்தின் மேல் குண்டு வீசிய விமானப் படையில் விமானியாக இருந்தவர். இந்தத் தேவாலயத்தைத் திரும்பக் கட்டியது சரி என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் அதைச் சுற்றியுள்ள நொய்மார்க்ட் சதுக்கத்தைப் பற்றி அதே கருத்து எனக்கு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு வணிகர் வீடுகளைப் போல முகப்பு வைத்து, உள்ளே கான்கிரீட்டில் எழுப்பிய ஓட்டல்களும் கடைகளும் அடியில் கார் நிறுத்தமுமாக அது இப்போது இருக்கிறது. அங்கே மாலை வேளையில் நடந்தால் சுற்றுலாப் பயணிகளைத் தவிர வேறு யாரையும் பார்ப்பது அரிது. ஊர்க்காரர்கள் ஆற்றைக் கடந்து நொய்ஸ்டாட் பக்கம் போய்விடுகிறார்கள், மாணவர்களாகிய நாங்களும் அப்படித்தான். இங்கே பழமையின் அழகை விட, அந்தப் பழமை எதை மறைக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. குண்டுவீச்சில் 25,000 பேர் வரை இறந்தார்கள் என்று நகரம் அமைத்த வரலாற்றாய்வாளர் குழு 2010இல் அறிவித்தது. நாஜிப் பிரசாரம் அன்று அந்த எண்ணிக்கையைப் பலமடங்கு ஊதிப் பெருக்கியது, இன்றும் தீவிர வலதுசாரிகள் பிப்ரவரி 13 வந்தால் அதே கணக்கோடு ஊர்வலம் கிளம்புகிறார்கள். அவர்களுக்கு எதிராக நகர மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலி அமைக்கிறார்கள். ஒரு பாவமும் அறியாத அழகிய நகரம் ஒரே இரவில் அழிக்கப்பட்டது என்ற கதைக்கு, குறையே இல்லாத அழகோடு எழுப்பப்பட்ட அந்தச் சதுக்கம் நன்றாகவே துணைபோகிறது.

போலந்தின் தலைநகரான வார்சாவுக்குப் போனபோதுதான் திரும்பக் கட்டுவதற்கு வேறொரு பொருளும் இருக்க முடியும் என்று புரிந்தது. அங்கே நடந்தது குண்டுவீச்சு மட்டுமல்ல. ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு எதிராக 1944 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய எழுச்சி அக்டோபர் தொடக்கத்தில் அடக்கப்பட்ட பிறகு, போரில் அதனால் எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தும், ஜெர்மன் படையினர் மக்களை வெளியேற்றிவிட்டுத் தெருத் தெருவாகத் தீவைத்தும் வெடிவைத்தும் நகரத்தை அழித்தார்கள். நகரமே இருந்த தடம் தெரியக் கூடாது என்பதுதான் நோக்கம். ஆகவே பழைய நகரத்தைத் திரும்பக் கட்டியது, அந்த நோக்கம் நிறைவேறவில்லை என்று கல்லில் எழுதிக் காட்டியது போன்றது. அதற்கு இரண்டு சான்றுகள் கைகொடுத்தன. ஒன்று, வார்சா பாலிடெக்னிக்கின் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் போருக்கு முன்பே அளந்து வரைந்து, பின்னர் பியோத்ர்கூவ் நகரத்து மடாலயம் ஒன்றில் ஒளித்துவைத்திருந்த வரைபடங்கள். மற்றொன்று, பெர்னார்டோ பெலோட்டோ என்ற வெனிஸ் ஓவியர் 1770களில் தீட்டிய நகரக் காட்சிகள். இதே பெலோட்டோ வார்சாவுக்குப் போவதற்கு முன்பு டிரெஸ்டனில்தான் அரசவை ஓவியராக இருந்தார். டிரெஸ்டனின் அரும்பொருளகத்தில் தொங்கும் அவரது எல்ப நதிக் காட்சியையும், வார்சா அரண்மனையில் ஒரு கூடம் நிறையத் தொங்கும் அவரது ஓவியங்களையும் பார்த்தவர்களுக்கு, அழிந்த இரண்டு நகரங்களுக்கும் ஒரே மனிதரின் தூரிகை சாட்சியாக நின்றிருப்பது வியப்பாகவே இருக்கும். பழைய சந்தைச் சதுக்கம் 1953இல் முடிந்தது, அரண்மனை 1984 வரை இழுத்தது. 1980இல் யுனெஸ்கோ பழைய நகரத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தபோது, அதன் பெரும்பகுதிக்கு முப்பது வயதுக்கும் குறைவு!

இருந்தும் வார்சாவையும் முழுமனதாகக் கொண்டாட என்னால் முடியவில்லை. பழைய நகரத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் முரானூவ் என்ற பகுதி இருக்கிறது. போருக்கு முன் வார்சாவின் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் யூதர்கள், அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பகுதியில்தான் வாழ்ந்தார்கள், பின்னர் நாஜிகள் அங்கேதான் அவர்களை அடைத்துவைத்தார்கள். அங்கே அடைபட்டிருந்த யூதர்களின் 1943 எழுச்சிக்குப் பிறகு அந்த இடம் முழுவதுமாகத் தரைமட்டமாக்கப்பட்டது. அந்தத் தெருக்களை மட்டும் யாரும் திரும்பக் கட்டவில்லை. இடிபாட்டை அள்ளி முடியாது என்பதால், அதன் மேலேயே, அதை அரைத்துச் செய்த கட்டிகளைக் கொண்டே, 1940களின் இறுதியிலிருந்து தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். இன்றும் சில கட்டடங்களின் வாசலுக்குப் படியேறித்தான் போக வேண்டியிருக்கிறது, அந்த மேட்டின் உள்ளே இருப்பது பழைய வீடுகளின் செங்கல். திரும்பி வந்து "எங்கள் தெரு எங்கே" என்று கேட்க ஆட்கள் மிஞ்சவில்லை என்பதால், அவர்களுடைய தெரு ஓவியத்திலிருந்தும் வரைபடத்திலிருந்தும் மீண்டு வரவில்லை. வார்சா போகும் நண்பர்கள் பழைய நகரத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டு முரானூவில் நடக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நெதர்லாந்தின் ராட்டர்டாம் இதற்கு நேர் எதிரான வழியில் போன நகரம். 1940 மே 14 அன்று ஜெர்மன் விமானங்கள் அதன் நடுப்பகுதியை எரித்தன. கடுமையாகச் சேதமடைந்தும் எஞ்சி நின்ற லாரன்ஸ் தேவாலயத்தையும் ஒருசில கட்டடங்களையும் தவிர, மற்றவற்றைப் பழைய தோற்றத்தில் கட்டும் எண்ணத்தையே நகரம் கைவிட்டது. 1953இல் வாகனங்களே நுழையாத லைன்பான் கடைத்தெருவைக் கட்டியது, அதே ஆண்டில் நெஞ்சில் ஓட்டையோடு வானத்தை நோக்கிக் கைகளை உயர்த்தி அலறும், சிற்பி சாட்கின் செய்த சிலையையும் நிறுவியது. தீ எதுவரை பரவியது என்ற எல்லையைத் தரையில் பதித்த சிறு விளக்குகளால் குறித்து வைத்திருக்கிறார்கள். அதைப் பின்தொடர்ந்து நடந்தால் ஒரு பக்கம் பழைய செங்கல் வீடுகளும் மறுபக்கம் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக நகரம் இரண்டாகப் பிரிவது தெரியும். ஆம்ஸ்டர்டாம் போய்வந்தவர்கள் ராட்டர்டாமை அழகில்லாத ஊர் என்று சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அழகு குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனக்கு என்ன நடந்தது என்பதை மறைக்காத ஊர்களில் அதற்கு முதலிடம் கொடுப்பேன்.

என் ஒப்பீட்டில் கடைசி இடம் பெர்லின் அரண்மனைக்கு. போரில் சேதமடைந்த அந்த அரண்மனையை 1950இல் கிழக்கு ஜெர்மனி அரசு வெடிவைத்துத் தகர்த்தது, அது ஒரு கொடுமை. அதே இடத்தில் 1976இல் குடியரசு அரண்மனை என்ற கட்டடம் எழுந்தது. அதில் நாடாளுமன்றத்தோடு உணவகங்களும் அரங்குகளும் பௌலிங் விளையாட்டுக் கூடமும் இருந்தன. கிழக்கு ஜெர்மனி மேற்கோடு இணைவதற்கான வாக்கெடுப்பு 1990 ஆகஸ்டில் நடந்ததும் அங்கேதான். ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது உண்மை, ஆனால் அதை அகற்றி முடித்த பிறகும் கட்டடத்தை விட்டுவைக்கவில்லை, 2008க்குள் இடித்து முடித்தார்கள். இப்போது அங்கே நிற்பது மூன்று பக்கம் பிரஷ்ய மன்னர் காலத்து முகப்பும் நான்காம் பக்கம் மொட்டைக் கான்கிரீட்டுமாக 2021இல் மக்களுக்குத் திறந்த ஹும்போல்ட் ஃபோரம் என்ற அருங்காட்சியகம். டிரெஸ்டனில் 1969இல் கட்டிய கலாசார மாளிகையை இடிக்காமல், உள்ளே புதிய இசை அரங்கம் அமைத்து 2017இல் திறந்தார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். மனம் இருந்திருந்தால் பெர்லினிலும் முடிந்திருக்கும். வார்சாவில் அழிக்க வந்தவனை எதிர்த்துக் கட்டினார்கள். பெர்லினில் ஒரு தலைமுறையின் நினைவை இடித்துவிட்டு அதற்கு முந்தைய மன்னராட்சியின் உடுப்பை மாட்டினார்கள். அந்த உடுப்புக்குள் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் காலனிக் காலத்தில் கொண்டுவந்த பொருள்களைக் காட்சிக்கு வைத்திருப்பது, காலனியாக இருந்த நாடு ஒன்றிலிருந்து வந்து படிக்கும் எனக்குக் கூடுதலாகவே உறுத்துகிறது.

இதையெல்லாம் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. செமஸ்டர் கட்டணத்தோடு வரும் டிக்கெட் வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் செல்லும் என்பதால், டிரெஸ்டனிலிருந்து எல்ஸ்டர்வெர்டாவில் வண்டி மாறி பெர்லினுக்கும், நேராக லைப்சிக்குக்கும் மேற்கொண்டு செலவின்றிப் போகலாம். லைப்சிக்கில் போரைத் தாங்கிய பல்கலைக்கழகத் தேவாலயத்தை 1968 மே 30 அன்று அரசே தகர்த்தது. அந்த இடத்தில் அதன் சாயலை மட்டும் வைத்து, நகல் எடுக்காமல், 2017இல் திறந்த பவுலினும் மண்டபத்தைப் பாருங்கள். போர் அதிகம் தொடாத நகரம் வேண்டுமென்றால் போலந்து எல்லையில் கோர்லிட்ஸ் இருக்கிறது, உண்மையிலேயே பழையது.

டிரெஸ்டனில் இதே கேள்வி மீண்டும் எழுந்திருக்கிறது. 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி எல்ப நதிக்குள் விழுந்தது. சில நிமிடங்களுக்கு முன்புதான் அதன் மேல் டிராம் கடந்து போயிருந்தது, நல்லவேளையாக ஒருவருக்கும் காயமில்லை. 1971இல் கட்டிய அந்தப் பாலத்தின் எஞ்சிய பகுதியையும் பின்னர் இடித்துவிட்டார்கள். போரின் கடைசி நாட்களில் தகர்க்கப்பட்ட, 1895இல் கட்டிய முந்தைய பாலத்தின் தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சும் ஊரில் உண்டு. எனக்கு இங்கே வாக்குரிமை இல்லை, டிராமில் ஆற்றைக் கடக்க வேண்டிய தேவை மட்டும் இருக்கிறது. அந்த உரிமையில் கேட்கிறேன்: இந்தக் காலத்துப் பொறியாளர்கள் இந்தக் காலத்துப் பாலத்தையே கட்டட்டும், தண்டவாளத்தையும் சைக்கிள் பாதையையும் முதலில் வரைந்துவிட்டு முகப்பைப் பற்றிப் பிறகு யோசிக்கட்டும்.