மண்டபம் கடல் ஆய்வு மையம் மூடப்படவில்லை
வணக்கம். இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1971 இல் தமிழ்நாட்டின் கடலோர ஊரான மண்டபத்திலிருந்து கொச்சிக்கு மாற்றப்பட்டதோடு மண்டபத்தில் ஆய்வு முடிந்துவிட்டது என்று ஒரு பதிவில் பகிரப்பட்டுள்ளது. இடம் மாறியது தலைமையகம் மட்டுமே. 1947 இல் தொடங்கி, 1967 இல் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் நிர்வாகத்துக்குள் வந்த அந்நிறுவனத்தின் பிராந்திய மையம், இலங்கையின் மலையகத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்ட அதே மண்டபம் முகாம் பகுதியில் இன்றும் இயங்குகிறது. கடற்கூண்டில் வளர்த்த தாய் மீன்களைக் கொண்டு 2010 இல், இந்தியாவில் முதன்முறையாக, கடல் விரால் (கோபியா) மீன் குஞ்சுகளைப் பொரிக்கச் செய்ததும் அங்கேதான். ஐயமிருப்பவர்கள் கொழும்பிலிருந்தபடியே நிறுவனத்தின் இணையத்தளத்தில் பிராந்திய மையங்களின் பட்டியலையும், ஆண்டறிக்கைகளில் மண்டபம் பற்றிய பகுதிகளையும் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவை நம்பி நம் மீனவர்களும் வாழ்வதால், பதிவிட்டவர் இதைத் திருத்திவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.